கனமானது அடியில் போகும்

1

இந்த வாரம் எங்கள் வாசலில் ஓர் இரும்புத் தொட்டி வந்து உட்கார்ந்தது. பார்க்கப் படகு மாதிரி இருந்தது, ஆனால் மிதக்க மறுத்துவிட்ட படகு. மஞ்சள் பெயிண்ட், பெயிண்டுக்கு மேல் துரு, துருவுக்கு மேல் யாரோ விரலால் கிறுக்கிய அரபி. இதை இங்கே ஸ்கிப் என்கிறோம். வீட்டை ஒழிக்கிறவர்கள் வாடகைக்கு எடுப்பது. லாரி வந்து இறக்கி வைத்துவிட்டுப் போகும். நாம் நம் வாழ்க்கையை அதில் அள்ளிப் போட வேண்டும். சொன்ன நாளில் சங்கிலி மாட்டித் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஊரில் உங்களுக்கு இதன் தேவை புரியாது. உங்களுக்குப் பரண் இருக்கிறது, மொட்டைமாடி இருக்கிறது, தெருவில் குரல் கொடுத்தபடி பழைய பேப்பர்காரர் வருகிறார். எங்களுக்குக் கடல் இருக்கிறது, அதில் போட்டால் அபராதம்.

பஹ்ரைனில், மனாமாவின் குதைபியாவில், ஒரு குறுகல் சந்தின் தரைவீட்டில் இருபது வருடத்துக்கு மேல் குடியிருந்தோம். வீட்டுக்காரப் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். நாங்கள் ஊரின் இன்னொரு மூலையில், லிஃப்டில் போனால் காது அடைக்கிற உயரத்தில், இரண்டு அறை ஃபிளாட்டுக்கு மாற வேண்டும். அங்கே எங்கள் கட்டில் நுழையாது. என் மேசை நுழையாது. நானே பக்கவாட்டில் திரும்பித்தான் குளியலறைக்குள் போக வேண்டும்.

சந்தில் ஸ்கிப் வைக்க அனுமதி வாங்கப் போனேன். அதற்காக ஓர் அரபி வாக்கியத்தை இரண்டு நாள் காரோட்டும்போது சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். கவுண்டரில் இருந்த இளைஞர் அதை முழுக்கக் கேட்டார், ரசித்தார், பிறகு என்னைவிடச் சுத்தமான இந்தியில் பதில் சொன்னார். எத்தனை வருடமாக அந்த வீட்டில் இருக்கிறாய் என்றார். சொன்னேன்.

“இருபது வருஷத்துக்கு ஒரே ஒரு ஸ்கிப்பா?” என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் மரியாதையும் நிறைய இரக்கமும் இருந்தன.

ஒன்றுக்கு மேல் வைக்கச் சந்தில் இடமில்லை. வியாழன் காலை வைத்து, வெள்ளி பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். சனிக்கிழமை சாவியைக் கொடுக்க வேண்டும். இறக்கி வைக்க வந்த லாரி டிரைவர், பெஷாவர்க்காரர், கான் பாய், இன்னொரு நிபந்தனையும் போட்டார். தொட்டியின் விளிம்பில் உள்ளங்கையை மட்டமாக வைத்துக் காட்டினார்.

“பாய், லெவல். உப்பர் மாஃபி. உப்பர் கச்சரா, காடி நஹி உட்டாயேகா. கலாஸ்.”

மூன்று மொழியைக் குழைத்துச் சொன்னாலும் விஷயம் ஒன்றுதான். விளிம்புக்கு மேல் ஒரு சாண் எழும்பினாலும் வண்டி தூக்காது.

2

நான் காற்றுக் குழாய் செய்கிற கம்பெனியில் திட்டமிடும் பொறியாளர். பெரிய கட்டடங்களின் கூரைக்குள் தகரக் குழாய்கள் ஓடுமே, அதில் குளிர்காற்று எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தீர்மானிக்கிறவன். ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதனுக்கு வாழ்க்கையில் தன் அறிவைக் குடும்பத்தின் முன்னால் காட்டச் சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. ஆகவே புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் ஸ்கிப் நிரப்பும் சாஸ்திரத்தை விளக்கினேன்.

கனமானதும் தட்டையானதும் முதலில், அடியில், பரப்பி. மரச்சாமானைப் பிரித்துப் பலகையாக்கி அதன் மேல். உள்ளே குழிவாக இருக்கிற எதையும் காலியாகப் போடக்கூடாது. பீப்பாயோ, அலமாரி டிராயரோ, அதன் வயிற்றை வேறு சாமானால் நிரப்பித்தான் போட வேண்டும். மெத்தை கடைசியில், மேலே, அமுக்கிக் கட்டி. இப்படிப் போட்டால் ஒன்றே போதும். கண்டபடி எறிந்தால் மூன்று ஸ்கிப் பிடிக்கும்.

என் மகள் யாழினி புனேயில் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். பிறந்ததிலிருந்து இங்கே வளர்ந்தவள். அவளுக்குத் தமிழ் என்பது பெற்றோரைச் சமாதானப்படுத்தப் பயன்படும் மொழி. “அப்பா, சீரியஸ்லி? குப்பைக்கு டிராயிங் போட்டிருக்கீங்களா?” என்றாள். போட்டிருந்தேன். பக்கவாட்டுத் தோற்றமும் உண்டு.

ரேவதி, என் மனைவி, இங்கே ஓர் இந்தியப் பள்ளியில் கணக்கு டீச்சர். ரசத்தைக் கலக்கி ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“கனமானது முதல்ல போகணும். அப்படித்தானே?”

“ஆமா.”

“கடைசியில போட முடியாதா?”

“முடியாது. கீழ இருக்கறது நொறுங்கி எல்லாம் சரிஞ்சுடும்.”

“சரி. நம்ம வீட்லயே கனமானது எதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

தெரியும். எனக்கு மோர் வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன், மோர் மேசையில்தான் இருந்தது.

3

எங்கள் வீட்டின் பின்னறைக்கு ‘ஊர் ரூம்’ என்று பெயர். அதில் யாரும் படுத்ததில்லை. அதில் ஒரு வீடு படுத்திருக்கிறது.

தஞ்சாவூரில், புறவழிச்சாலைக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு ஒரு மனை இருக்கிறது. வந்த புதிதில் வாங்கியது. அடுத்த வருடம் கட்ட ஆரம்பிக்கலாம் என்றுதான் வாங்கினோம். அந்த அடுத்த வருடம் எப்போதும் அடுத்த வருடமாகவே இருந்தது, ரயில் ஜன்னலில் கூடவே ஓடிவரும் நிலா மாதிரி. கட்டவில்லையே தவிர, கட்டுவதற்கான சாமான்களை நான் வாங்கத் தவறியதில்லை. இது வளைகுடாக்காரர்களுக்கு மட்டும் வரும் வியாதி. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் கைப்பிடி வாங்குவோம்.

ஒரு ஹோட்டலைப் புதுப்பித்தபோது மிஞ்சிய இத்தாலிய டைல்ஸ், பெட்டி பெட்டியாக. சந்தன நிறம், ஓரத்தில் மட்டும் ஒரு பச்சைக் கோடு. ஒன்பது கதவுக்குக் கைப்பிடிகள். வரைபடத்தில் இருந்தது ஆறு கதவு. கண்ணாடித் தொங்கல்கள் வைத்த ஒரு சரவிளக்கு. சுவிட்சுகள், பிளக் பாயின்ட்டுகள். எல்லாம் இங்கத்திய சதுர மூன்று கால் வகை, தஞ்சாவூரில் எந்தப் பிளக்கும் அதில் நுழையாது, இது நான் வாங்கி முடித்த பிறகு மைத்துனர் சொல்லித்தான் தெரிந்தது. ஒரு வாஷ் பேசின். அப்புறம் குளியல் தொட்டி. ஆமாம், தொட்டி. ஆள் படுத்துக் குளிக்கிற வெள்ளைத் தொட்டி. தஞ்சாவூரில் கோடையில் வாளி நிறையத் தண்ணீர் வருவதே பெரிய விஷயம் என்று ரேவதி அப்போதே சொன்னாள். தள்ளுபடியில் கிடைத்தது என்று நான் சொன்னேன். யாழினி குழந்தையாக இருந்தபோது அது அவளுடைய கப்பல். பிறகு அரிசி மூட்டைகளின் படுக்கை.

ஒவ்வொரு சாமான் வந்தபோதும் ரேவதியிடம் ஒரு கேள்வி கேட்பேன். இது எங்கே வரும் சொல்லு. அவள் சொல்வாள். சமையலறை கிழக்கே, ஜன்னலை ஒட்டி அடுப்பு, பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து தண்ணீர் மூலைக்கு ஓடுகிற மாதிரி தரைச் சரிவு, டைல்ஸின் பச்சைக் கோடு சுவரோரமாக. கேட்டுக் கேட்டு அந்தச் சமையலறை எங்கள் இருவருக்கும் மனப்பாடம். இருட்டில் விட்டால்கூட அதில் உப்பு டப்பாவை எடுத்துவிடுவோம். இல்லாத வீட்டில் எங்களுக்கு வழி தவறியதே இல்லை.

இப்போது புது ஃபிளாட்டில் ஊர் ரூமுக்கு இடமில்லை. கப்பலில் ஊருக்கு அனுப்பினால், அங்கே வைக்கவும் கூரையில்லை. டைல்ஸ் ஸ்கிப்பின் அடியில் போனால் வீடும் போனது. இதைத்தான் ரேவதி ரசத்தோடு சேர்த்துக் கேட்டாள். கட்டப்போகிறோமா, இல்லையா?

4

வியாழக்கிழமை லீவு போட்டேன். காலையில் ஸ்கிப்பின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றேன், கான்கிரீட் போடுமுன் நிற்கிற மாதிரி. பிறகு என் சாஸ்திரத்தில் உள்ள எல்லா விதிகளையும் வரிசையாக மீறினேன்.

டைல்ஸைத் தொடவில்லை. முதலில் தலையணைகள் போட்டேன். பிறகு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒன்றுக்குள் ஒன்று நுழையாத வெவ்வேறு ஜாதி நாற்காலிகள். பிரம்பு ஊஞ்சல். மிக்சி வந்த அட்டைப்பெட்டி, அதற்குள் டிவி வந்த தெர்மகோல். யாழினியின் பழைய சைக்கிள், காலை விரித்துக்கொண்டு. இருப்பதிலேயே லேசானது எதுவோ அதைத் தேடித் தேடிப் போட்டேன். கனத்தை நாளைக்குத் தள்ளலாம், நாளையை நாளை மறுநாளுக்குத் தள்ளலாம். நான் வாழ்ந்த விதமே இதுதான் என்பதால் கை தன்னிச்சையாக வேலை செய்தது.

மதியத்துக்குள் ஸ்கிப் நிரம்பி, விளிம்பைத் தாண்டிக் கோபுரமாக நின்றது. உச்சியில் ஊஞ்சல். வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் வீடு அப்படியே இருந்தது.

கடைக்கார ஷாகுல் காக்கா வந்தார். கீழக்கரைக்காரர், எங்கள் சந்து முனையில் கோல்டு ஸ்டோர் வைத்திருக்கிறார். பெயர்தான் அப்படி, பால், முட்டை, சிம் கார்டு விற்கிற பெட்டிக்கடை. அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். குதைபியா முழுக்க அவருக்குத் தம்பிதான், என்னைத் தவிர. நான் சார். அவர் தொட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். நாற்காலியை ஒரு விரலால் தள்ளினார். உள்ளே எல்லாம் ஒருமுறை மூச்சு விட்டது.

“சார், நீங்க காத்துக் கம்பெனிதானே?”

“ஆமா காக்கா.”

“அதான். இது பூரா காத்தாத்தான் இக்கிது.”

“தலையணையெல்லாம் அமுங்கிடும் காக்கா.”

“அமுங்கும், அமுங்கும். நீங்க மேல ஏறிப் படுத்துக்குங்க, அப்படியே ஏர்போர்ட்ல எறக்கி விட்டுருவான்.”

நான் ஏறிக் குதித்துப் பார்த்தேன். பிரம்பு ஊஞ்சல் என் வலது காலை முழங்கால்வரை விழுங்கிக்கொண்டது. யாழினி வந்து இழுத்து விடுவதற்கு முன்னால் மூன்று போட்டோ எடுத்தாள். ஒன்றை உடனே புனேக்கு அனுப்பினாள்.

சாயங்காலம் பள்ளியிலிருந்து ரேவதி வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். நேராக ஊர் ரூமுக்குப் போய்ப் பார்த்தாள். டைல்ஸ் பெட்டிகள் மேல் தூசு கலையாமல் இருந்தது. திரும்பி வந்து கைப்பையைக்கூட இறக்காமல் நின்றாள். கணக்கு டீச்சர்கள் திட்டுவதில்லை. விடை வரும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

“நாளைக்கு எல்லாத்தையும் இறக்கிட்டு மறுபடி ஏத்தணும்,” என்றேன்.

“அது தெரியுது. நான் கேட்டது வேற.”

5

வெள்ளிக்கிழமை காலை மொத்தத்தையும் சந்தில் இறக்கினோம். வீடு தன் உள்ளாடைகளோடு தெருவில் நின்றது. எதிர்க் கட்டடத்து முதல் மாடியில் எட்டுப் பேர் சேர்ந்திருக்கும் ஓர் அறை. நம் ராமநாதபுரம், சிவகங்கைப் பிள்ளைகள், வெவ்வேறு சைட்டில் வேலை. வாரத்தில் ஒரே லீவு. பால்கனியில் லுங்கியோடு வரிசையாக நின்று டீ குடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரிக்கெட் பார்க்கிற முகம்.

தலைமையை யாழினி எடுத்துக்கொண்டாள். என் டிராயிங்கைக் கையில் வைத்துக்கொண்டு, “ஓகே. ஸ்டெப் ஒன். ஹெவி அண்ட் ஃபிளாட். அது டைல்ஸ். கொண்டு வரலாமா?” என்றாள்.

“கட்டில் பலகையை முதல்ல போடலாமே,” என்றேன்.

“அப்பா, உங்க டிராயிங்ல பலகை ஸ்டெப் டூ.”

“டிராயிங்கை ரிவைஸ் பண்ணலாம்.”

“எத்தனை ரிவிஷன்பா?” என்றாள். பிறகு தமிழைத் தேடிப் பிடித்து, மெதுவாக, எனக்கு வலிக்காத வார்த்தைகளாகப் பொறுக்கிச் சொன்னாள். “அப்பா, நான் தஞ்சாவூர்ல இருக்கப் போறதில்ல. உங்களுக்குத் தெரியும்ல? எனக்காகன்னு வெச்சிருந்தா, வேணாம்.”

எனக்குத் தெரியும். அவளுக்காக என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்ததும் தெரியும். நான் ரேவதியைப் பார்த்தேன். அவள் துப்பட்டாவை இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

“உனக்கு அந்த வீடு வேணும்னுதானே நான்...”

“எனக்கு வேணும்னுதான் இருந்துச்சு,” என்றாள். “நீங்க வீட்டை வாங்கிக்கிட்டே இருந்தீங்க. கட்டவே இல்ல. ஒவ்வொரு தடவையும் அடுப்பு எங்கன்னு கேட்டீங்க, நானும் சொன்னேன். இப்ப எனக்குச் சலிச்சுப்போச்சுங்க. கட்டறதுன்னா கட்டறோம்னு சொல்லுங்க, பெட்டியைத் தலையில தூக்கிட்டு வர்றேன், ஃபிளாட்ல அது மேல படுத்துக்கறேன். இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. தினமும் அந்தச் சமையல்கட்டைக் கூட்டிப் பெருக்க என்னால முடியல.”

எதிர் பால்கனியில் டீ குடிப்பது நின்றுவிட்டது. ஷாகுல் காக்கா கடைக்குள் போய் இல்லாத வேலை ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார். தெருவில் எங்கள் சாமான்களுக்கு நடுவே, தலையணைகளும் நாற்காலிகளும் கேட்டுக்கொண்டிருக்க, அலுவலகத்தில்கூட ஆயிரம் முறை சொல்லத் தயங்கிய ‘இல்லை’யைச் சொன்னேன்.

“கட்டப் போறதில்ல.”

“மனை?”

“வித்துடலாம்.”

அவள் தலையாட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து, “அப்ப தூக்குங்க, வெயில் ஏறுது,” என்றாள்.

முதல் பெட்டியை நானும் யாழினியும் தூக்கி வந்தோம். குழந்தையைத் தொட்டிலில் இடுகிற மாதிரி இறக்கினேன். இரண்டாவது பெட்டியில் முதுகு பேசியது. மூன்றாவது நுழையும்போது அட்டை பிய்ந்து, சந்தன நிறமும் பச்சைக் கோடும் வெயிலில் முதன்முறையாகப் பளிச்சென்று விழுந்தன. பால்கனியிலிருந்து ஒரு குரல்.

“சார்! அதையா போடுறீய? சும்மாவா?”

6

இறங்கி வந்தவர் செல்வராஜ், பரமக்குடிக்காரர், டைல்ஸ் மேசன். முன்பு சவுதியில் ஜுபைல் கேம்ப்பில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். அவர்கள் அறையின் சமையல்கட்டில் தரை பெயர்ந்து கிடக்கிறதாம், கட்டடக்காரரிடம் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டதாம். சைட்டில் மிஞ்சிய சிமென்ட் கொஞ்சம் கட்டிலுக்கடியில் இருக்கிறதாம். எட்டுப் பேரும் எறும்பு வரிசையாக வந்து பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்கள். ஸ்கிப்பின் அடியில் என் சாஸ்திரத்தின் அஸ்திவாரம் காலியானது. நான் மறுப்புச் சொல்லக்கூட நேரமில்லை, ரேவதி சொல்லிவிட்டாள்.

“எடுத்துக்கங்கப்பா. அந்தக் கைப்பிடியும் இருக்கு.”

அதற்குப் பிறகு கொள்ளைதான். சதுரப் பிளக் பாயின்ட்டுகள் இங்கே மட்டுமே பொருந்துகிறவை என்பதால் உடனே போயின. சரவிளக்கை இரண்டடுக்குக் கட்டில்களுக்கு நடுவே மாட்டினார்கள்; மேல் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்ததும் கண்ணாடித் தொங்கல்கள் அவர் தலையில் கலகலவென்று விசாரித்தன, ராஜா மாதிரி இருக்கிறது என்று அதையும் ஏற்றுக்கொண்டார். குளியல் தொட்டியை ஷாகுல் காக்கா கேட்டார்.

“உங்களுக்கு எதுக்குக் காக்கா?”

“ஐஸ் நெரப்பி மோர் பாக்கெட்டு போட்டு வெப்பேன். நீங்க வந்து படுக்கறதா இருந்தா சொல்லுங்க, காலையில காலி பண்ணித் தர்றேன்.”

வாஷ் பேசினை மட்டும் யாரும் கேட்கவில்லை. அதன் வயிற்றில் பழைய செருப்புகளை நிரப்பி ஸ்கிப்பில் வைத்தோம். விதி விதிதான். மரச்சாமானைப் பிரித்துப் பலகையாக்கி அடியில் பரப்பினோம், டிராயருக்குள் தெர்மகோலை ஒடித்துப் போட்டோம், சைக்கிளின் கால்களை மடக்கினோம். தலையணைகளை மெத்தைக்குள் சுருட்டிக் கட்டினோம். அஸருக்குப் பாங்கு சொல்லும்போது எல்லாம் உள்ளே போய், விளிம்புக்கு நான்கு விரல் கீழே நின்றது. என் வாழ்நாளில் திட்டமிட்டபடி முடிந்த ஒரே வேலை. பார்க்க யாருமில்லை. யாழினி குளிக்கப் போயிருந்தாள். ரேவதியைக் காணவில்லை.

எதிர் மாடியிலிருந்து குரல் கேட்டது. அந்தக் குரலுக்கு வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் அடங்குவார்கள்.

“செல்வராஜ், தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு நினைக்கறீங்க?”

“வாசப் பக்கம்கா.”

“வாசல்ல ஏன் ஓடணும்? அந்த மூலைக்கு ஓடணும். இந்த ரெண்டு வரியையும் எடுங்க.”

“அக்கா, ஒட்டிட்டேன்கா.”

“காயலல்ல? எடுங்க. கோடு சுவரோரமா வரணும், நடுவுல வரக்கூடாது. அடுப்பை இந்தப் பக்கம் யாரு வச்சது? ஜன்னல் எதுக்கு இருக்கு?”

“சிலிண்டர் ட்யூப் எட்டாதுக்கா.”

“புது ட்யூப் வாங்கிக்கங்க. ஜன்னலை ஒட்டித்தான் அடுப்பு.”

“சரிங்க்கா,” என்று எட்டுக் குரல்கள்.

எட்டிப் பார்த்தேன். ஜன்னலில் அவள் தெரிந்தாள், கையில் ஒரு நீளப் பலகைத் துண்டு, நெற்றியில் சிமென்ட். ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அது எங்கே போகிறது என்று மொத்த அறையும் மூச்சடக்கிக் காத்திருந்தது.

கான் பாயின் லாரி பின்பக்கமாக பீப் பீப் என்று சந்துக்குள் நுழைந்தது. இறங்கி, விளிம்பில் உள்ளங்கையை வைத்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிக்கொண்டே நடந்தார். என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

“பஹுத் அச்சா. யல்லா, உட்டாலூம்?” என்றார். தூக்கட்டுமா? பிறகு வாசலைப் பார்த்தார். முந்தின நாள் தொட்டியை இறக்க வந்தபோது தண்ணீர் கொடுத்தவரிடம் சொல்லிக்கொண்டு போகிற பண்பு உள்ளவர். “மேடம் கிதர் ஹை?” மேடம் எங்கே?

மாடியில் தண்ணீர் மூலையை அடைந்திருக்க வேண்டும். ஒரே கைத்தட்டல்.

என் இந்தி எப்போதும் ஆண்பால் பெண்பாலில் வழுக்கி விழும். விழுந்தாலும் பரவாயில்லை என்று சொன்னேன்.

“மேடம் கர் பனா ரஹா ஹை, பாய். வீடு கட்டறாங்க. தோடா ருக்கோ, கொஞ்சம் இருங்க.”

கான் பாய் அண்ணாந்து பார்த்தார். பிறகு லாரிக்குள் கையை விட்டு எஞ்சினை அணைத்தார்.